ஆற்றில் இறங்கிய மூன்று பேட்டரிகள்

"முதல் வண்டி அண்ணாச்சி, விலை கம்மியா இருக்கணும். எந்த பேட்டரி போடச் சொல்லலாம்?"

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்தக் கேள்வி என் போனில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் மெக்கானிக்குகள், பெட்ரோல் வண்டிக்கு பிளக் கழற்றிய கையோடு மின்சார வண்டிக்கு மாறியவர்கள். மீதிப் பேர் விற்பனையாளரை ஷோரூமுக்குள் நிறுத்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பேசுகிறவர்கள். பதில் சொல்வதற்கு முன்னால், "வண்டிய எங்கன வச்சுக் கழுவுவிய?" என்று நான் கேட்பேன். பேட்டரியைப் பற்றிக் கேட்டால் இந்த ஆள் வண்டி கழுவுவதைப் பற்றிப் பேசுகிறாரே என்று எதிர்ப்பக்கம் கேள்வியைத் திரும்பவும் கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பை முடிக்கவில்லை. வண்ணார்பேட்டையில் லாரி பேட்டரிகளைப் பிரித்துத் தகடு மாற்றி, மறுபடி ஆசிட் ஊற்றிக் கொடுக்கும் கடை ஒன்றில் சேர்ந்தேன். முதல் மழைக்காலம் முடிவதற்குள் என் சட்டைகள் எல்லாம் சல்லடை ஆகிவிட்டன. ஆசிட் தெறித்த துணி துவைத்தால்தான் கிழியும், துவைக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் உடுத்தலாம் என்பது அங்கே நான் கற்ற முதல் பாடம்.

ஒரே ஊரில் இரண்டு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். புன்னக்காயலில் படகு விளக்குகளுக்கு பேட்டரி சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். உப்புக் காற்று முனைகளைத் தின்றுவிடும் ஊர் அது. ஹூப்ளியில் லாரி ஷெட். சூரத்தில் ஒரு மில். அங்கே மஞ்சள் காமாலை வந்து, பேட்டரி அடுக்கிய கொட்டகையிலேயே படுத்துக் கிடந்து எழுந்தேன். மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் கம்பெனி ஒன்று மூடியபோது, கையில் ஒன்றும் இல்லாமல் ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். இதற்கெல்லாம் நடுவில் கல்யாணம் நடந்தது. என் மனைவி பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். நான் அனுப்பியது பாதி, அவள் சுற்றியது பாதி.

ஆனால் ஈயப் பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தே, ஆறு அறைகளில் எந்த அறை செத்துப் போயிருக்கிறது என்று சொல்வேன். பல ஊர்களில் பந்தயம் கட்டி டீ குடித்திருக்கிறேன்.

கடைசியாக வந்து சேர்ந்த இடம் மேலப்பாளையத்தில் காஜா பாயின் பட்டறை. அவர் வளைகுடாவில் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் நின்று சம்பாதித்தவர். ஊருக்குத் திரும்பி, பழைய தறிக்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தறிக் குழிகளை சிமெண்ட் போட்டு மூடி, அதன் மேல் மின்சார வண்டி பூட்டும் வேலையை ஆரம்பித்தார். சட்டகம், மோட்டார், சக்கரம் எல்லாம் வெளியூரிலிருந்து வரும். நாங்கள் பூட்டிக் கொடுப்போம். லைசன்ஸ் தேவைப்படாத, மெதுவாக ஓடும், விலை குறைந்த வண்டி. அவர் சேர்த்து வைத்திருந்தது முழுவதும் அந்தக் கூடத்துக்குள் இருந்தது.

எனக்கு மேலே இருந்தவர் எஸ்தர் மேடம். பாளையங்கோட்டை வாத்தியார் வீட்டுப் பெண், டிப்ளமோ படித்து கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர். என் மூத்த மகளைவிட வயதில் சின்னவர். அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. ஒப்புக்கொள்ள முடியாததை யாராவது சொன்னால், "பாத்துருவோம்" என்பார். உடனே அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை தொடங்கிவிடும். சார்ஜ் ஏறி முடிந்த பேட்டரியை உடனே அளக்க மாட்டார். அது அடங்கட்டும் என்று அரை மணி நேரம் விடுவார். மீட்டரில் பார்த்த பிறகும் உள்ளங்கையைப் பேட்டரியின் மேல் வைத்துப் பார்ப்பார், காய்ச்சலுக்கு நெற்றி தொட்டுப் பார்ப்பது போல. மீட்டர் ஒன்று சொல்லி, கை வேறு ஒன்று சொன்னால், இரண்டையும் நம்பாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பார். பல முதலாளிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். வேலைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஒருவரை அதற்கு முன் நான் பார்க்கவில்லை.

எங்களுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து. அப்பளம் போடும் பெண்கள் குழு ஒன்று, தலைவி இசக்கியம்மாள். அப்பளக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கும் வீரவநல்லூருக்கும் பஸ்ஸில் போனால் கூட்டத்தில் நசுங்கி நொறுங்கிவிடுகிறது, கண்டக்டரோடு தினமும் சண்டை. பத்து வண்டி எடுக்கிறோம், ஆனால் ஓட்டிப் பார்த்த பிறகுதான் என்று சொல்லிவிட்டார்கள். இது கைகூடினால் பட்டறை நிற்கும், கைவிட்டுப் போனால் மூட வேண்டியதுதான். காஜா பாய் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வாடகைக்காரர் வரும்போது அவர் பின்வாசல் வழியாகத் தொழுகைக்குப் போனதை நான் பார்த்தேன்.

எந்த பேட்டரி என்று பேச்சு வந்தது. நடுவில் மூன்று வகைப் பேட்டரியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒன்று ஈயம். மற்ற இரண்டும் லித்தியம். அதில் என்.எம்.சி என்பது எடை குறைவு, ஒரு தடவை ஏற்றினால் அதிக தூரம் போகும், ஆனால் சூடும் தண்ணீரும் ஆகாது. எல்.எஃப்.பி என்பது கொஞ்சம் கனம், ஓட்டமும் சற்றுக் குறைவு, ஆனால் நிதானமானது, வருடக் கணக்கில் உழைக்கும்.

"வே செல்லையா, நீரு சொல்லும். எதுல பரக்கத்து இருக்கு, எதுல லாபம் தங்கும்?" என்றார் காஜா பாய்.

"ஈயம்தான் முதலாளி. எந்த ஊர்ல நின்னாலும் சரி பண்ண ஆளு இருக்கு. விலையும் கம்மி."

"கனம் கனக்குதேவே. நான் அந்த லேசான லித்தியத்தைப் போடலாம்னு பாக்குதேன். ஏஜெண்டு விலையும் கொறச்சுத் தாரேங்கான்."

எஸ்தர் மேடம் எல்.எஃப்.பி-யைக் காட்டினார். "எனக்கு இதுதான் படுது. ஆனா ஓட்டப் போறது நாம இல்ல. மூணு வண்டியில மூணையும் போட்டு அவங்க கையிலேயே கொடுப்போம். பாத்துருவோம்."

சித்திரை வெயிலில் மூன்று வண்டிகளும் கல்லிடைக்குறிச்சிக்குப் போயின. வாரத்துக்கு ஒரு நாள் நானும் ரயிலேறிப் போவேன். அப்பளம் எடை காட்டாது என்பதால், மில்லிலிருந்து உளுந்து மாவு மூட்டையை எடுத்துப் பின்னால் கட்டுவோம். ஒரே மூட்டை, ஒரே பாதை, ஒரே ஆள் மூன்று வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் ஏறும்போது மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இறங்குவது எல்லா பேட்டரிக்கும் உண்டு. ஏற்றம் முடிந்து சமதரை வந்ததும் எவ்வளவு வேகமாக மேலே வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூச்சு வாங்கிய ஆள் நிமிர்கிற மாதிரி. ஈயம் பைய நிமிரும். லித்தியம் இரண்டும் உடனே நிமிர்ந்தன.

பெண்கள் எங்கள் பெயர்களை எல்லாம் ஏற்கவில்லை. ஈய வண்டிக்கு எருமை என்று பெயர் வைத்தார்கள். என்.எம்.சி வண்டி குருவி. எல்.எஃப்.பி வண்டிக்கு மருமக.

"அதென்னக்கா மருமக?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லாம வேலை பாக்குதுல்லா," என்றாள் இசக்கியம்மாள்.

"எந்த வீட்டு மருமக ஒண்ணும் சொல்லாம வேலை பாக்குதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது சுப்பம்மாள், குழுவிலேயே ஆள் சிறியவள், வாய் பெரியவள்.

"வீட்டுல கிடைக்காததாலதான் வண்டிக்கு வச்சிருக்கோம்," என்றாள் இசக்கியம்மாள்.

எல்லோருக்கும் பிடித்தது குருவிதான். யார் எடுப்பது என்று காலையில் போட்டி. எருமையை மாவு மில்லுக்கு மட்டும் அனுப்பினார்கள். ஆடி கழிந்ததும் அது முன்பு போன தூரத்தில் முக்கால் பங்குதான் போயிற்று. புரட்டாசியில் பாலத்திலேயே மூச்சை விட்டுவிடும் நிலைக்கு வந்துவிட்டது. நான் அதற்கு என்னால் ஆன சிகிச்சை எல்லாம் செய்தேன். எஸ்தர் மேடம் அளவுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ சொன்னார்.

ஆயுத பூஜை அன்று நான் வழக்கம்போல அளக்கப் போனேன். உச்சி வெயில். அப்பளக் கூடத்துக்கு முன்னால் மூன்று வண்டிகளும் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு நின்றன. இருக்கைகள் ஈரமாக இருந்தன.

"காலையிலேயே குளிப்பாட்டியாச்சு அண்ணாச்சி," என்றாள் இசக்கியம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"எங்கன?"

"ஆத்துலதான். வேற எங்கன குளிப்பாட்டுவாக?"

"எம்புட்டுத் தண்ணியில?"

"முட்டளவு. அந்தப் பெட்டி முங்குனாத்தான சேறு போகும்."

பேட்டரிப் பெட்டி கால் வைக்கும் பலகைக்கு அடியில் இருந்தது. மழைக்கும் தெருத் தண்ணீருக்கும் தாங்கும்படிதான் அதைச் செய்திருந்தோம். தாமிரபரணியில் இறங்கி நிற்கும் என்று பட்டறையில் யாரும் நினைக்கவில்லை. இத்தனைக்கும் நான் இந்த ஆற்றங்கரையில் பிறந்தவன். லாரி, டிராக்டர், சைக்கிள் என்று பூஜைக்கு எல்லாமே ஆற்றில் இறங்கும் என்பது எனக்குத் தெரியும். பெட்ரோல் வண்டி இறங்கி ஏறிக் கொஞ்ச நேரம் இருமும், பிறகு ஓடும். அந்தப் பழக்கத்தில் இவர்களும் இறக்கிவிட்டார்கள்.

குனிந்து குருவியின் பக்கம் காதை வைத்தேன். சோடா மூடியைப் பைய திறந்தது போல ஒரு சீறல். நகப் பாலிஷ் போன்ற ஒரு இனிப்பு வாடை. ஈயத்தில் இந்த வாடை கிடையாது. எஸ்தர் மேடம் ஒரு தடவை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூடத்துக்குள் பெண்கள் பூஜை வேலை செய்துகொண்டிருந்தார்கள். தட்டி முழுக்கக் காய்ந்த அப்பளம். பள்ளி விடுமுறை, தெருவில் பிள்ளைகள்.

எஸ்தர் மேடத்துக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்க விடவில்லை.

"பெட்டியத் திறக்காதீங்க அண்ணாச்சி. கழட்டவும் வேண்டாம். வண்டியோட தள்ளிட்டு மணலுக்குப் போங்க. ஆள் இல்லாத இடமா பாத்து விடுங்க. கை சுட்டா அங்கேயே போட்டுட்டு ஓடிருங்க. வண்டி போனாப் போகட்டும்."

கைப்பிடியையும் இருக்கையின் பின்கம்பியையும் பிடித்துத் தள்ளினேன். இசக்கியம்மாள் எதற்கு என்று கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் ஓடினாள். "ஏலே ஒதுங்குங்கலே, வீட்டுக்குள்ள போங்கலே," என்று தெரு முழுவதையும் காலி செய்துகொண்டே போனாள். படித்துறைக்குப் பக்கத்தில் லாரி இறங்கும் சரிவு உண்டு. அதில் இறங்கும்போது பலகையின் சூடு என் முழங்காலில் அடித்தது. சீறல் விசிலாக மாறியது. மணல் திட்டில் சக்கரம் புதைந்த இடத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் பின்னால் நடந்தேன். ஓடினால் மணலில் விழுவோம் என்று தெரியும்.

வெள்ளைப் புகை வந்தது. பிறகு கேஸ் அடுப்பைத் திருகியது போல நீண்ட தீ. உள்ளே செல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. குளித்துக்கொண்டிருந்த ஒருவர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"கிட்ட போகாதேயும். வாளித் தண்ணிக்கு அது அடங்காது. பக்கத்துல போற ஆளுதான் வேவான்," என்று கத்தினேன்.

அவர் நின்றுவிட்டார். மாலையும் இருக்கையும் டயரும் எரிந்து, கடைசியில் சட்டகம் மட்டும் மணலில் கிடந்தது. யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. நான் வாழ்நாளில் எத்தனையோ பாரம் தள்ளியிருக்கிறேன். அந்தச் சரிவில் அந்த வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்ததைப் போல ஒரு வேலை செய்ததில்லை. அதை யார் முன்னாலும் சொல்வேன்.

ஆனால் ஊர் முழுவதும் படித்துறையில் நின்று அந்தத் தீயைப் பார்த்தது. இசக்கியம்மாள் முகத்தில் கரி. அவள் சத்தம் போடவில்லை.

"கூடத்துக்குள்ள நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணாச்சி? எங்களுக்கு வண்டி வேண்டாம். மத்த ரெண்டையும் எடுத்துட்டுப் போயிருங்க."

காஜா பாயிடம் போனில் சொன்னேன். "ஆளுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஒரு சிறிய வேனோடு அவரும் எஸ்தர் மேடமும் வந்தார்கள். மற்ற இரண்டு வண்டிகளையும் முந்தின நாளே அதே மணலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தோம். நான் காவலுக்கு இருந்தேன். சத்தம் இல்லாமல் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம் என்பது காஜா பாயின் எண்ணம். மேடம் வேனில் எதையும் ஏற்ற விடவில்லை.

"இங்கனயே திறப்போம் பாய். அவங்க முன்னாலயே."

"இன்னும் என்னத்தம்மா காட்டணும்? ஊரே பாத்தாச்சு."

"பாதிதான் பாத்திருக்காங்க."

மணலில் ஒரு தார்ப்பாயை விரித்தார். பக்கத்தில் இரண்டு வாளி உலர்ந்த மணல். வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பெண்கள் படியில் தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எருமை. பெட்டியில் தண்ணீர் நின்றிருந்தது. முனைகளில் பச்சை பிடித்திருந்தது. நான் துடைத்து இணைத்ததும் விளக்கு எரிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடமும் சிரித்தார். "ஆத்தைத் தாண்டிருச்சு அண்ணாச்சி, ஒப்புக்கிடுதேன்," என்றார்.

அடுத்து மருமக. பெட்டியைச் சாய்த்ததும் பழுப்புத் தண்ணீர் கொட்டியது, கூடவே மணலும் ஒரு பூவிதழும். மேடம் வேலை செய்த விதத்தை நான் மறக்க மாட்டேன். செல்களைக் காவல் காக்கும் சின்ன சர்க்யூட் போர்டு உண்டு, பி.எம்.எஸ் என்போம். முதலில் அதன் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நுனிகளுக்கு டேப் சுற்றினார். ஒரே நேரத்தில் இரண்டு நுனியைத் தொடவே இல்லை. போர்டு கருகிப் போயிருந்தது. பிறகு செல்களைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"நீங்க வந்து மீட்டரைப் படிங்கக்கா. நான் படிச்சா நான் சொன்னதா இருக்கும்."

இசக்கியம்மாள் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். மேடம் முனைகளை வைக்க வைக்க, அவள் எண்களை உரக்கப் படித்தாள். படியில் இருந்தவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள், வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. எல்லாம் ஒரே எண். கடைசி இலக்கம் மட்டும் அங்கங்கே ஒன்று கூட, ஒன்று குறைய.

"இப்பம் தொட்டுப் பாருங்க."

அவள் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"காவக்காரன் செத்துட்டான், வீட்டுல களவு போகல," என்றார் மேடம். "தண்ணி குடிச்ச பேட்டரிய நான் திரும்ப யாருக்கும் குடுக்க மாட்டேன், இதையும் குடுக்க மாட்டேன். ஆனா ரெண்டும் ஒரே ஆத்துல ஒரே நேரத்துல முங்குச்சு. அது எப்படிக் கெட்டுச்சுன்னு நேத்து பாத்தீங்க. இது எப்படிக் கெட்டுருக்குன்னு இன்னைக்குப் பாருங்க."

இசக்கியம்மாள் கையை எடுக்காமலே சொன்னாள். "சரிம்மா. ஆனா அடுத்த வருசமும் நாங்க ஆத்துலதான் குளிப்பாட்டுவோம். அதுக்கு என்ன செய்யப் போறிய?"

"ஆற்றில் இறக்காதீர்னு பெரிசா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருவோம்," என்றார் காஜா பாய்.

"அந்த ஸ்டிக்கரையும் சேத்துத் தேச்சுக் கழுவிருவோம்," என்றாள் சுப்பம்மாள். நேற்றிலிருந்து முதல் தடவையாகப் படியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

ஹூப்ளியில் லாரியைக் கழுவ விடும் முன் நாங்கள் பேட்டரியைக் கழற்றி மேடையில் வைத்துவிடுவோம். அதைத்தான் சொன்னேன். "பேட்டரியக் கழட்டிப் படியில வச்சிட்டு, வண்டிய மட்டும் இறக்குனா என்ன?"

மேடம் என்னைப் பார்த்தார். "யாரு தூக்குவா?" என்றார். பிறகு அவரே, "பாத்துருவோம்," என்றார்.

எருமையின் நான்கு பேட்டரிக் கட்டைகளையும் ஒரு பெட்டியில் வைத்தபோது ஒருத்தியும் அசைக்க முடியவில்லை. என் கட்சி அங்கே தோற்றது, நியாயமாகத்தான் தோற்றது. எல்.எஃப்.பி பெட்டியை இசக்கியம்மாள் தூக்கினாள். சுப்பம்மாளால் முடியவில்லை. அவளால் தூக்க முடிந்தால் எல்லோராலும் முடியும் என்று மேடம் அவளையே அளவாக வைத்துக்கொண்டார். பேட்டரியை இரண்டு சிறிய பெட்டிகளாகப் பிரித்தோம், ஒவ்வொன்றுக்கும் தனி போர்டு போட்டு. ஒரு பெட்டி இருந்தாலும் வண்டி ஓடும், தூரம்தான் பாதி. அதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. முதலில் ஒரு பெட்டியோடு வண்டியை வாங்கலாம், கை ஓடும்போது இரண்டாவதை வாங்கிக்கொள்ளலாம். ஈய வண்டிக்கு ஒதுக்கிய தொகைக்குப் பக்கத்தில் விலை வந்து நின்றது. காஜா பாய் முகம் தெளிந்தது.

மேலே கைப்பிடி வைத்துக் கொடுத்தோம். நடக்கும்போது முழங்காலில் இடிக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் போனபோது பார்த்தால், யாரும் சொல்லாமலே பெட்டியை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மூலை குத்தி சுப்பம்மாளுக்கு இடுப்பில் கன்றிப் போயிருந்தது. பட்டறைக்கு வந்து, தகட்டின் ஒரு பக்கத்தை வளைக்க என்ன வழி என்று யோசித்தேன். குடத்தின் வயிறு எந்த வளைவோ அந்த வளைவு இடுப்புக்குப் பொருந்தும். காஜா பாயிடம் ஒரு பித்தளைக் குடம் கேட்டேன்.

"பேட்டரிக்குக் குடம் எதுக்குவே?"

"தகட்ட அது மேல வச்சு அடிக்கணும் முதலாளி."

"வீட்டுல கேட்டா என்னன்னுவே சொல்ல?" என்று புலம்பிக்கொண்டே கொண்டு வந்தார். குடம் கொஞ்சம் நசுங்கியது உண்மை. பெட்டிக்கு வளைவு வந்துவிட்டது. மேடம் பெட்டியின் இடத்தைப் பலகைக்கு அடியிலிருந்து இருக்கைக்குக் கீழே உயர்த்தினார். ஒயர் முனைக்கு ரப்பர் மூடி போட்டார். மோட்டாருக்குள் ஒயர் நுழையும் துளையை அடைத்து, சக்கரத்தைத் தொட்டித் தண்ணீரில் முக்கி வைத்து, மறுநாள் திறந்து பார்த்தார்.

பிறகு ஒரு நாள் படித்துறையில் வைத்துச் சோதனை. சுப்பம்மாள் பெட்டியைக் கழற்றி, இடுப்பில் வைத்து, கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை ஏறினாள். இடுப்பு மாற்றவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. இசக்கியம்மாள் அவளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"முன்ன பத்துன்னு சொன்னோம். இப்பமும் பத்துதான். பிந்தாம கொண்டு வாங்க."

பட்டறை மூடவில்லை. அதன் பிறகு நான் எந்த ஊருக்கும் ஓடவுமில்லை. கண் மங்கி, சின்ன ஸ்குரூ கைக்குச் சிக்காமல் போகும்வரை அங்கேயே வேலை பார்த்தேன். இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு எல்.எஃப்.பி என்றுதான் சொல்கிறேன், பெட்டி எங்கே இருக்கிறது, யார் தூக்குவார்கள் என்று பார்த்துவிட்டு. ஈயத்தில் தொழில் படித்தவன் நான். என் வாயால் இதைச் சொல்வதில் எனக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு மேடமும் காஜா பாயும் நானும் போயிருந்தோம். அழைத்திருந்தார்கள், அழைக்காவிட்டாலும் போயிருப்போம். பத்து வண்டிகளும் ஆற்றுக்குள் நின்றன. பெட்டிகள் எல்லாம் மேல்படியில் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. பக்கத்தில் லாரி கழுவிக்கொண்டிருந்த டிரைவர் சுப்பம்மாளிடம் கேட்டார்.

"என்னக்கா, பெட்டிய மட்டும் கரையில உக்காத்தி வச்சிருக்கிய? அது குளிக்காதா?"

"இப்பந்தான் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கு," என்றாள் அவள் தலையைத் திருப்பாமல். "சாப்பிட்ட ஒடனே எந்தப் பிள்ளையக் குளிப்பாட்டுவாக?"

கழுவி முடித்து வண்டிகளை ஏற்றினார்கள். நீர் வடியும்வரை நிறுத்தி வைத்து, பெட்டிகளை இடுப்பில் கொண்டு வந்து மாட்டினார்கள். காஜா பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிடி இறுகியிருந்தது. ஒவ்வொருத்தியாகச் சாவியைத் திருப்பினார்கள். முதல் வண்டி சரிவில் ஏறியது. அடுத்தது. அடுத்தது. எஸ்தர் மேடம் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தார், நானும்தான். கடைசி வண்டி ஏறித் தெருவில் திரும்பியதும், "டீ குடிப்போமா அண்ணாச்சி?" என்றார்.